நல்ல சகுனம் அன்று

அந்த மாடியில் மொத்தமே இரண்டு அறைகள். முன்னறையில் சீல்காரம்மாவின் மேசை, பின்னறையில் ஒற்று சாரின் மேசை. கீழே சாவி செய்கிற கடை. காலை ஒன்பதுக்கு அரம் ராவுகிற சத்தம் தொடங்கினால் சாயங்காலம் வரை ஓயாது.

சீல்காரம்மா பதினெட்டு வருஷமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் காகிதங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். பிறப்புச் சான்றிதழோ, விவாகரத்துத் தீர்ப்போ, வீட்டு ஒப்பந்தமோ, கடைசிப் பக்கத்தில் அவளுடைய வட்ட முத்திரை விழுந்தால்தான் அலுவலகங்களில் செல்லும். அதனால் அந்தப் பெயர். ஒற்று சார் பிழை திருத்துகிறவர். 'அதைச் சொன்னான்' என்பதில் 'ச்' விட்டுப்போனால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் அவருக்கு அந்தப் பெயர். இரண்டையும் வைத்தவர் சாவிக் கடைக்காரர்தான்.

ஒரு வியாழக்கிழமை மேசையில் நான்கு வேலைகள் காத்திருந்தன. நான்காவது, ஒரு லாண்டரியின் பாய்லரைப் பற்றிய ஆய்வறிக்கை. ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக வந்து, வெளுத்து, காய்ந்து, மடிந்து திரும்பிப் போகிற பெரிய லாண்டரி அது. ஊர் வெள்ளைக்காரர்களின் ஊரானாலும், அங்கே வேலை செய்கிற அறுபது பேரும் தமிழ் பேசுகிறவர்கள். ஆய்வறிக்கை எந்த மொழியில் வந்தாலும், தொழிலாளர்கள் படிக்கிற மொழியில் ஒரு பிரதி பாய்லர் அறைக் கதவில் ஒட்டியாக வேண்டும் என்பது சட்டம். சீல்காரம்மாவின் தங்கை அங்கே இஸ்திரி மெஷினில் இருந்தாள். தங்கையின் கணவர்தான் பாய்லர்காரர். அவர்கள் மூலமாகத்தான் அந்த வேலையும் வந்திருந்தது.

பாய்லர் என்பது படுக்கவைத்த பெரிய இரும்புப் பீப்பாய். அதற்குள் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அகலத்துக்கு ஒரு குழாய். குழாய்க்குள் நெருப்பு, குழாயைச் சுற்றித் தண்ணீர். தண்ணீர் நீராவியாகி, கூடம் முழுக்க இருக்கிற மெஷின்களுக்குப் போகும். ஆய்வாளர் அந்த நெருப்புக் குழாய்க்குள் போய் அளந்து எழுதியிருந்தார். குழாயின் மேல்சுவர் ஓரிடத்தில் உள்பக்கமாக ஒன்பது மில்லிமீட்டர் புடைத்திருக்கிறது. போன வருஷம் மூன்று மில்லிமீட்டர். விதிப்படி பதினைந்து வரை ஓட்டலாம். கூடிய விரைவில் குழாயை முழுமையாகச் சோதிப்பது நலம்.

அதுவரை சீல்காரம்மாவின் பேனா தடங்கலில்லாமல் ஓடியது. அடுத்த வரி சின்னது. புடைப்பு வளர்ந்திருக்கிற விதத்தைப் பற்றி ஆய்வாளர் ஆறேழு சொற்களில் ஏதோ சொல்லி, 'டஸ் நாட் போட் வெல்' என்று முடித்திருந்தார். படகைக் குறிக்கிற போட் அல்ல. இதில் கடைசி எழுத்து மெலிந்து ஒலிக்கும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும், அவ்வளவுதான்.

அவளுக்குத் தெரியாத சொல்லும் அல்ல. ஆங்கிலச் செய்தித்தாளில் மழையைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் கால்பந்தைப் பற்றியும் வாரம் ஒரு தடவையாவது கண்ணில் படுகிற வினைச்சொல்தான். ஆனாலும் முத்திரை குத்துகிற காகிதம் என்பதால் அகராதியைப் புரட்டினாள். 'சகுனமாக இரு, நன்மை அல்லது தீமைக்கு நிமித்தமாக அமை' என்று போட்டிருந்தது. 'புடைப்பின் இந்த வளர்ச்சி நல்ல சகுனம் அல்ல' என்று எழுதி, பக்கத்தைப் பின்னறைக்கு அனுப்பினாள்.

ஒற்று சார் சிவப்புப் பேனாவோடு வந்து நின்றார்.

"ஒருமைக்கு 'அன்று'. பலதைச் சொன்னாத்தான் 'அல்ல'. எத்தனை தடவைம்மா சொல்றது?"

"சரி சார், அன்றுன்னே போட்டுடுங்க."

அப்படியாக அது 'நல்ல சகுனம் அன்று' ஆயிற்று. இலக்கணம் சுத்தமாக இருந்தது. சீல்காரம்மா முத்திரையைக் குத்தி, தேதி போட்டு, காகிதத்தை உறைக்குள் வைத்துவிட்டு, அடுத்த வேலையை எடுத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மூன்றாவது மாடியில் சின்ன வீடு. நாற்காலி போதாமல் பாய்லர்காரர் துணி மூட்டை மேல் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்திருந்தார். சிரித்த முகம். எதைச் சொன்னாலும் அதில் ஒரு கேலி இருக்கும். ஜாதகம், ராசி, நல்ல நேரம் எதையும் மருந்துக்குக்கூட நம்பாதவர்.

"அக்கா, உங்க காகிதம் வந்ததிலேருந்து எங்க லாண்டரியில ஒரே சிரிப்புதான்" என்றார்.

"என் காகிதத்துல சிரிக்க என்ன இருக்கு?"

"பாய்லருக்குச் சகுனம் சரியில்லையாமே? துணி மடிக்கிற பொண்ணுங்கல்லாம் என்னைப் பாத்தா, 'அண்ணே, யாராவது தும்மினா ஒரு நிமிஷம் பாய்லரை உக்கார வெச்சுட்டு அப்புறமா பத்த வைங்க'ன்னு கிண்டல் பண்றாங்க. ஆய்வுக்கு வந்த அந்த வெள்ளைக்காரரைப் பாத்தா படிச்ச மனுஷனாட்டம்தான் இருந்தார். அவருக்குள்ளயும் ஒரு கிளி ஜோசியர் இருப்பார்னு நான் நினைக்கல."

சீல்காரம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "சரி, குழாயைச் சோதிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"எங்க? முதலாளிக்குச் சகுனம்னா உயிராச்சே. அதைப் படிச்ச அன்னிக்கே ஜோசியர்கிட்ட போயிட்டார். இந்த மாசம் முழுக்க அவருக்கு நேரம் சரியில்லையாம். கெட்ட நேரத்துல பாய்லர்ல கை வெச்சா அது வேற விதமா கொண்டுபோய் விடும்னு, அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதிக்கு ஆளை வரச் சொல்லியிருக்கார்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் எப்பவும்போலத்தான். பத்து பார் அழுத்தத்துல ஓடுது. நம்மளுக்குத்தான் சகுனத்துல நம்பிக்கையே இல்லையே!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டு, கணவரைப் பார்த்து, "எல்லாத்துக்கும் இப்படிச் சிரிச்சுட்டே இருங்க. இது நல்லதுல போய் முடியாது" என்றாள்.

சீல்காரம்மா நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். ஆய்வாளர் எழுதிய அந்த ஆங்கில வரி, அர்த்தம் பிசகாமல் தமிழில், தங்கை வாயிலிருந்து வந்ததுபோல இருந்தது. அதில் சகுனம் இல்லை, நேரம் இல்லை. ஒன்றைப் பார்த்துவிட்டு அது எங்கே போய் முடியும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற பேச்சு. சகுனத்தை நம்புகிறவர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு வேலையைத் தள்ளிப்போட்டார். நம்பாதவர் படித்துவிட்டுச் சிரித்தார். இரண்டு பேரையும் கெடுத்தது ஒரே சொல். அந்தச் சொல் ஆய்வாளருடையது அல்ல, அவளுடையது.

மிச்சச் சாப்பாட்டை எப்படிச் சாப்பிட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

திங்கட்கிழமை காலை, அலுவலகத்தைத் திறந்த கையோடு அறிக்கையின் தலைப்பில் இருந்த எண்ணைப் பார்த்து ஆய்வாளருக்குப் போன் போட்டாள். அவர் வேறொரு தொழிற்சாலையில் இருந்தார். பின்னால் ஏதோ இரைந்தது. தான் யார் என்று சொல்லி, அந்த வரியைப் படித்துக் காட்டி, "இதுக்கு நீங்க என்ன அர்த்தத்துல எழுதினீங்க?" என்று கேட்டாள்.

அவர் முதலில் கேள்வியே புரியாதவர்போலப் பேசினார். எழுதியதுதான் அர்த்தம் என்றார். சீல்காரம்மா விடவில்லை. அந்தச் சொல்லுக்கு எங்கள் அகராதியில் சகுனம் என்று இருக்கிறது, நானும் அப்படியே போட்டுவிட்டேன் என்றாள். அந்தப் பக்கம் ஒரு கதவு மூடுகிற சத்தம் கேட்டு, இரைச்சல் குறைந்தது.

பிறகு அவர் நிதானமாகச் சொன்னார். அந்தச் சொல்லில் எந்தக் காலத்திலோ சகுனம் இருந்திருக்கலாம், இப்போது அதைச் சொல்கிற யாரும் சகுனத்தை நினைப்பதில்லை. கண்ணால் பார்த்ததை வைத்து, இனி நடக்கப்போவதைப் பற்றிக் கவலைப்படுகிறேன் என்பதுதான் பொருள். பதினைந்து மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும்வரை பாய்லரை நிறுத்து என்று உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இல்லை. நடக்காத ஒன்றை நடக்கும் என்று அறிக்கையில் எழுதவும் முடியாது. "அந்தச் சொல்லுக்கு மேலே போக எனக்கு இடம் இல்லை. எங்கள் வேலையில் அதுவே பலமான சொல்" என்றார்.

"வேற யாரும் கேக்காத கேள்வி ஒண்ணு கேக்கறேன். அந்தக் கூடத்துக்கு உங்க வீட்டு ஆளை வேலைக்கு அனுப்புவீங்களா?"

"அனுப்ப மாட்டேன்" என்றார் அவர், யோசிக்காமல்.

போனை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். ஒற்று சாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்படி வைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"நான்தான் 'அன்று'வா 'அல்ல'வான்னு பாத்துட்டு, பக்கத்துல இருந்த சொல்லைக் கோட்டை விட்டுட்டேன்" என்றார்.

"எழுதினது நான் சார்."

இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் திருத்த ஆரம்பித்தார்கள். சீல்காரம்மா முதலில் 'புடைப்பு இப்படியே வளர்ந்தால் குழாய் வெடிக்கும்' என்று எழுதினாள். ஒற்று சார் அடித்தார்.

"அவர் வெடிக்கும்னு சொன்னாரா?"

"மனசுல அதான் இருக்கு."

"மனசை மொழிபெயர்க்கறதுக்கு நம்மகிட்ட முத்திரை கிடையாதும்மா. தங்கச்சி வீட்டுக்காரர் அங்க நிக்கறார்ங்கறதுக்காக வாக்கியத்தை ஏத்திப் போடாதீங்க. நாளைக்கு யாராவது ஒப்பிட்டுப் பாத்தா, அறிக்கையே பொய்னு ஆயிடும்."

அது நியாயம்தான். 'கவலைக்குரியது' என்றாள். அது அரசாங்கக் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் போடுகிற சொல், யாருக்கும் சுரீரென்று படாது என்றார். 'அபாய அறிகுறி' என்றாள். "அபாயம்னு நம்ம சுவிட்ச் பெட்டியில எழுதியிருக்கு. என்னிக்காவது பாத்திருக்கீங்களா?" என்றார். கீழே அரம் ராவிக்கொண்டிருந்தது. பதினொரு மணி ஆகிவிட்டது.

கடைசியில் அவள், முதலிலேயே தோன்றியதும் பேச்சு வழக்கு என்று தயங்கி வைத்திருந்ததுமான வரியை எழுதினாள்: 'இந்தப் புடைப்பு வளர்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், இது நல்லதில் போய் முடியாது.'

ஒற்று சார் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். "கொச்சையும் இல்ல, கூட்டியும் சொல்லல" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "போங்க, எனக்குத் திருத்த ஒண்ணும் இல்ல" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

அதற்கடுத்தது இன்னும் கஷ்டம். முத்திரை குத்திய காகிதத்தைச் சும்மா மாற்ற முடியாது. எது பிழை, யாருடைய பிழை என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கழகத்துக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிறந்த தேதியை மாற்றிப் போட்டதற்காக அவள் பேரில் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருந்தது.

"ரெண்டாவது வந்தா முத்திரையைக் கொஞ்ச நாளைக்குப் பிடுங்கி வெச்சுடுவாங்க" என்றார் ஒற்று சார். "தெரியும்ல?"

"தெரியும்."

'முந்தைய மொழிபெயர்ப்பில் உள்ள சகுனம் என்ற சொல் தவறு. மூல அறிக்கையில் அப்படிப் பொருள் இல்லை. பிழை மொழிபெயர்ப்பாளருடையது' என்று எழுதி முத்திரையைக் குத்தினாள். அதே கையோடு பஸ் ஏறிவிட்டாள்.

லாண்டரிக்குள் நுழைந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. வரிசையாக மெஷின்கள் உருண்டுகொண்டிருந்தன. இரண்டு பெண்கள் ஒரு பெரிய விரிப்பின் நான்கு மூலைகளையும் பிடித்து உதறி, சூடான உருளைக்குள் விட்டார்கள். மறுபக்கத்தில் அது பலகைபோல வெளியே வந்தது. அங்கே நின்று மடித்துக்கொண்டிருந்த தங்கை, இந்த நேரத்தில் அக்கா எங்கே வந்தாள் என்று பார்த்தாள்.

முதலாளி கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தார். கெட்டவர் அல்ல. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். சீல்காரம்மா ஆங்கிலச் சொல்லைச் சொல்லி விளக்க ஆரம்பித்ததும், "போட்டா? படகுக்கும் பாய்லருக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார். அவள் புதுக் காகிதத்தை நீட்டினாள். படித்தார். முகம் மாறியது.

"முன்ன சகுனம்னு நீங்கதானே எழுதினீங்க? முத்திரையும் உங்களோடதுதானே?"

"ஆமா. தப்பு என்னோடது. கீழேயும் எழுதியிருக்கேன், பாருங்க."

"நான் அலட்சியமா இருந்தேன்னு யாரும் சொல்லக் கூடாது. சகுனம் சரியில்லைன்னா எப்படி நடந்துக்கணுமோ, அப்படித்தான் நடந்துக்கிட்டேன். இப்ப வந்து வேற சொல்றீங்க. இந்த வாரம் ரெண்டு ஓட்டலுக்கு முழு லோடு போயாகணும். நிறுத்துன்னா நிறுத்திட முடியுமா?"

"நிறுத்துங்கன்னு சொல்ல நான் யாரு? சட்டப்படி இந்தக் காகிதம் கதவுல இருக்கணும். அதை ஒட்டிட்டுப் போயிடறேன்."

அவர் பாய்லர் அறைப் பக்கம் கையைக் காட்டினார். அவளே பாய்லர் அறைக்குப் போய், பழைய காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, புதியதை ஒட்டினாள். கதவருகில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். தங்கையும் வந்தாள். பாய்லர்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, வழக்கம்போல ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தார். சீல்காரம்மா எல்லாரும் கேட்கிற மாதிரி, "அந்த மனுஷன் ஜோசியம் சொல்லல. பாத்ததை வெச்சு இது எங்க போய் முடியும்னு சொன்னார். நான்தான் சகுனம்னு தப்பா எழுதிட்டேன். அவர் வீட்டு ஆளை இங்க வேலைக்கு அனுப்ப மாட்டேன்னு இன்னிக்குக் காலையில என்கிட்ட சொன்னார்" என்றாள்.

பாய்லர்காரர் காகிதத்தைப் படித்தார். ஒன்பது, போன வருஷம் மூன்று என்ற எண்களின் மேல் அவர் விரல் போய் வந்தது. அந்த எண்கள் பழைய காகிதத்திலும் இருந்தவைதான். ஆனால் சிரிப்புக்கு நடுவில் யாரும் அவற்றைப் படித்திருக்கவில்லை.

அவர் உள்ளே போனார். ஒரு நிமிஷம் கழித்து, எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பதால் யார் காதிலும் விழாத நெருப்பின் இரைச்சல் நின்றது. அப்போதுதான் அப்படி ஒரு சத்தம் இத்தனை நாளும் இருந்தது எல்லாருக்கும் உறைத்தது.

முதலாளி ஓடி வந்தார். "யாரைக் கேட்டு அணைச்சே?"

"யாரையும் கேக்கல. ஒரு தடவை உள்ள போய் அளந்து பாத்துடறேன் முதலாளி. ஒன்பதே இருந்தா, நானே திரும்பப் பத்த வைக்கறேன். அளக்காம இனிமே நான் பத்த வைக்க மாட்டேன். வேற ஆளை வெச்சுப் பத்த வைக்கணும்னாலும், அவன் இந்தக் காகிதத்தைப் படிச்சுட்டுத்தான் உள்ள போவான்."

முதலாளி பெண்களைப் பார்த்தார். உருளை மெஷினை விட்டு எல்லாரும் இந்தப் பக்கம் வந்திருந்தார்கள். திரும்பிப் போக ஒருத்தியும் நகரவில்லை.

பாய்லர் ஆறுவதற்கு ஒன்றரை நாள் பிடித்தது. புதன்கிழமை காலை முன்கதவைத் திறந்து, பர்னரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, பாய்லர்காரர் ஒரு விளக்கும் நீளமான இரும்பு ஸ்கேலும் எடுத்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போனார். சீல்காரம்மா அன்றைக்கும் வந்திருந்தாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலாளி குனிந்து குழாய்க்குள் பார்த்தபடி இருந்தார்.

உள்ளேயிருந்து ஸ்கேல் இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. நேரான சுவரில் வைத்தால் ஸ்கேல் ஒட்டிப் படுக்க வேண்டும். மேட்டின் மேல் வைத்தால், பிள்ளைகள் விளையாடுகிற சீசாப் பலகைபோல ஆடும். ஆடுகிற சத்தம்தான் வந்துகொண்டிருந்தது. மறுபடி மறுபடி அளந்தார். வெளியே வந்தபோது முழங்கையும் முகமும் கரி.

"பதிமூணு" என்றார்.

ஸ்கேலைத் தரையில் வைத்தார்.

"ஒரு வருஷத்துல ஆறு. அவர் பாத்துட்டுப் போன இந்த ஒரு மாசத்துல நாலு."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்திருந்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"தண்ணியில இருக்கற உப்பு குழாய் மேல படிஞ்சுதான் இரும்பு சூடேறிப் புடைக்குது. அந்த உப்பைப் பிரிச்சுத் தண்ணியை மென்மையாக்கற தொட்டியில போடற சரக்கு அஞ்சு மாசமா இல்ல. ரெண்டு தடவை சொன்னேன். 'வாங்கலாம், வாங்கலாம்'னாங்க. மூணாவது தடவை நான் சொல்லல. அதுவும் ஒரு சிரிப்பாவே போயிடுச்சு. இந்தப் புடைப்பைப் பத்தி ஊர்ல யாருக்குத் தெரியலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். எனக்குத் தெரியும்கூட. சகுனம்னு எழுதியிருந்ததால, நம்பாம இருக்கறது சுலபமா இருந்தது."

முதலாளி பக்கத்தில் கிடந்த பெட்டியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து போய், ஆய்வாளருக்கு அவரே போன் போட்டார்.

லாண்டரி ஆறு வாரம் மூடிக் கிடந்தது. ஓட்டல் மூட்டைகள் வேறு இடத்துக்குப் போயின. அறுபது பேரும் வீட்டில் இருந்தார்கள். அதில் சீல்காரம்மாவைத் திட்டியவர்களும் உண்டு. முதலிலேயே சரியாக எழுதியிருந்தால் வேலையோடு வேலையாகச் சரிசெய்திருக்கலாமே என்று ஒருத்தி தங்கையிடம் நேராகவே கேட்டாள். தங்கை அதை ஒப்புக்கொண்டாள். ஆனால், "என் வாயிலேருந்து எடுத்து எழுதித்தான் எங்க அக்கா முத்திரை குத்தினா" என்று பெருமையடித்துக்கொள்வதை மட்டும் அவள் விடவில்லை.

நெருப்புக் குழாயை வெட்டி எடுத்தபோது, புடைப்பின் பின்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு மயிரிழை விரிசல் இருந்தது. அது எப்போது வாய் பிளந்திருக்கும் என்று பழுது பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. ஆய்வாளரும் தன் அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. விரிசலின் நீளத்தை மட்டும் எழுதியிருந்தார். முதலாளியோ, பார்க்கிறவர்களிடமெல்லாம், "எனக்கு அந்த மாசம் நேரம் சரியில்லைன்னு ஜோசியர் சொன்னார் பாருங்க, அச்சுப் பிசகாம நடந்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சீல்காரம்மா காதுபடவே ஒரு நாள் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று மாதத்துக்கு முத்திரையை ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் அதைத் துடைத்து, பஞ்சு சுற்றி, பதிவுத் தபாலில் அனுப்பினாள். அந்த மூன்று மாதமும் முத்திரை வேண்டாத வேலைகளாகப் பார்த்து எடுத்தார்கள். மின்விசிறிக்கு விளக்கக் குறிப்பு, தலைமுடிச் சாயப் பெட்டியின் பின்பக்கம், ஒரு பல் மருத்துவரின் துண்டுப் பிரசுரம். ஒற்று சார் முகம் சுளிக்காமல் எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு போட்டார். சாவிக் கடைக்காரர் மட்டும், பெயரை இப்போது மாற்ற முடியாது, பழகிவிட்டது என்று சொல்லிவிட்டார்.

இரண்டாவது மாதம் ஒரு மத்தியானம், படிக்கட்டில் தடதடவென்று யாரோ ஏறி வந்தார்கள். பாய்லர்காரர். அந்த அலுவலகத்துக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவை. லாண்டரி திறந்து பத்து நாள் ஆகியிருந்தது. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். நோட்டிலிருந்து கிழித்தது. பேனாவால் அழுத்தி அழுத்தி எழுதியிருந்தார்.

"இதை இங்கிலீஷ்ல போட்டுத் தரணும் அக்கா. அந்த ஆய்வாளருக்கு."

வாங்கிப் படித்தாள். தண்ணீர்த் தொட்டியில் இருக்கிற சரக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் வரும் என்றும், அதை இன்ன தேதியில் முதலாளியிடம் சொல்லியாயிற்று என்றும், அவர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றும், வாங்காவிட்டால் பதின்மூன்றாம் நாள் நெருப்பு வைக்கப்போவதில்லை என்றும் எழுதியிருந்தது. கேலி எதுவும் இல்லை. கடைசியில் கையெழுத்தும் தேதியும்.

"இது முதலாளிக்குத் தெரியுமா?"

"அவர்கிட்ட காட்டிட்டுத்தான் வரேன். 'எழுது, எழுது'ன்னு சொன்னார். கொஞ்சம் கோவம்தான்."

"என்கிட்ட இப்ப முத்திரை இல்லையே?"

"முத்திரை எதுக்கு? அவருக்குப் புரிஞ்சாப் போதும்."

சீல்காரம்மா நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். பின்னறையிலிருந்து ஒற்று சார் எட்டிப் பார்த்து, டீ சொல்லட்டுமா என்று கேட்டார். அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, முதல் வரியை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, பேனாவை நிறுத்தினாள்.

"இந்தப் 'பன்னிரண்டு நாள்'ங்கறது நீங்க உத்தேசமா சொன்னதா, அளந்து சொன்னதா?"

"அளந்தேன்" என்றார் பாய்லர்காரர்.

அதையும் சேர்த்து எழுதினாள்.